சுந்தராம்பாள் கையில் கொடுத்த கடுதாசி

ஜூன் 3, செவ்வாய்

ரெண்டு வருசம் நாலு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் துப்பாக்கி லைசென்ஸ் கைக்கு வந்துச்சு. எத்தனை விசாரணை, எத்தனை சர்டிபிகேட்! எனக்குப் புத்தி சரியா இருக்குதான்னு பார்க்க ஒரு டாக்டர் வேற. "தூக்கம் நல்லா வருதுங்களா?"ன்னு ஒரே கேள்வி கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டாரு. இதுக்கு என்னை மூணு நாள் அலைய விட்டானுக.

இத்தனையும் எதுக்கு? என்ற தோப்புல, என்ற தென்னைமரத்து நிழல்ல, மூணு பேரு உக்காந்து குடிச்சுட்டு இருந்தானுக. எந்திரிங்கடான்னேன். சிரிச்சானுக. இந்த நாச்சிமுத்துவைப் பார்த்துச் சிரிச்சானுக! போறப்ப ஒருத்தன் கேட்டைத் திறந்து போட்டுட்டே போனான். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், கையில ஒண்ணு இருக்கோணும்னு.

இந்த மாசம் முப்பதாந்தேதிக்குள்ள வாங்கிட்டு வந்து காட்டோணும்னு போட்டிருக்குது. வாங்குறதுக்கு இருபத்தேழு நாள், குடுக்குறதுக்கு ரெண்டு வருசம். நல்லா இருக்குதப்பா நியாயம்.

சுந்தராம்பாகிட்ட லைசென்ஸைக் காட்டினேன். சோறு போட்டுட்டு இருந்தவ கரண்டியைக் கீழ வெச்சுட்டு, "அது உள்ள வந்தா நான் வெளிய போயிருவனுங்க"ன்னா. கல்யாணமாகி முப்பத்தாறு வருசத்துல அவ சொன்ன மொத ஜோக்கு. சிரிச்சேன். அவ சிரிக்கலை.

ஜூன் 4, புதன்

களத்துல கொப்பரை காயுது, பொழுதோட தூறல் வர்ற மாதிரி இருக்குது, தார்ப்பாயைக் காணோம். எங்கடின்னு கேட்டா தெரியலீங்கறா. கையில இருந்த காப்பி டம்ளரை வீசினேன். சுவத்துலதான் பட்டுச்சு.

ஜூன் 6, வெள்ளி

கோயமுத்தூர் துப்பாக்கிக் கடை மோசஸ் போன் பண்ணினாரு. புதுசு வாங்குறதுன்னா பதிவு பண்ணிட்டுக் காத்திருக்கோணுமாம், முப்பதாந்தேதிக்குள்ள வராதாம். ஆனா பழைய ரிவால்வர் ஒண்ணு அவரு கடையிலயே பத்திரமா இருக்குது. பொள்ளாச்சிப் பக்கம் மில்லுக்காரர் ரங்கநாதன்னு ஒருத்தரோடது. அவரு போய்ச் சேர்ந்து ஒன்றரை வருசமாச்சு. வீட்டுக்காரம்மா விசாலாட்சி விக்கறேன்னு இருக்காங்க. அவங்க ஒரு சம்மதக் கடுதாசி குடுத்துட்டா மீதியை மோசஸ் பார்த்துக்குவாராம்.

"பழசுன்னு யோசிக்காதீங்க ஐயா. இருபத்திரெண்டு வருசத்துல ஒரு குண்டு கூட வெளிய போகலை. பெட்டியில வெச்ச பொம்மை மாதிரி இருக்குது."

அடுத்தவன் வெச்சிருந்ததை வாங்கோணுமான்னு ஒரு யோசனை. ஆனா அந்தாளு யோக்கியமாத்தான் வெச்சிருந்திருக்காரு. ஒரு குண்டு கூட வீணாக்கலை பாருங்க.

சுந்தராம்பாளுக்கு நெத்தியில பிளாஸ்திரி. நிலைப்படியில இடிச்சுக்கிட்டேன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரிகிட்ட சொல்லிட்டு இருந்தா.

ஜூன் 8, ஞாயிறு

மக நிர்மலா பேத்தியைக் கூட்டிட்டு வந்தா. காலையில பத்து மணிக்கு வந்தவ மூணு மணிக்கெல்லாம் கிளம்பிட்டா. திருப்பூர் என்ன அமெரிக்காவா? ராத்திரி இருந்துட்டுப் போனா என்ன? கேட்டா, டிராபிக் ஆயிரும்பாங்கறா. ஏழு வருசமா இதே டிராபிக்தான்.

பேத்தி மகிழினி என்கிட்ட அண்டவே மாட்டேங்குது. நான் இருமினா எந்திரிச்சு அவ அம்மா மடிக்கு ஓடுது. செல்லம் குடுத்துக் குட்டிச்சுவராக்கி வெச்சிருக்கா. ஏன் கண்ணு ஓடுறேன்னு கொஞ்சம் சத்தமாக் கேட்டேன், அதுக்கு ஒரே அழுகை. நான் என்ன பூச்சாண்டியா?

கிளம்பறப்ப நிர்மலா, "அப்பா, அந்தத் துப்பாக்கி வேண்டாம்"னா. யார் சொன்னதுன்னேன். "யாரும் சொல்லலை, நானே சொல்றேன். அது வந்துச்சுன்னா அம்மாவை நான் கூட்டிட்டுப் போயிருவேன்."

பெத்து, வளர்த்து, எம்.காம். படிக்க வெச்சு, கடைசியில எனக்கே சட்டம் போடுறா. அந்தக் குடிகாரனுக நாளைக்கு வீட்டுக்குள்ள வந்தா இவ வந்து நிப்பாளா? லைசென்ஸ் விசாரணையப்ப, ஆட்சேபனை இருக்குதான்னு போலீஸ்காரர் வீட்டுக்கே வந்து சுந்தராம்பாகிட்டக் கேட்டாரு. நான் பக்கத்துலயே நின்னேன். அவளுக்குச் சிரமம் வேண்டாம்னு நானே இல்லீங்கன்னு சொன்னேன். கையெழுத்துப் போட்டது யாரு? அவதான! அன்னைக்கு வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?

ஜூன் 10, செவ்வாய்

மோட்டார் காயில் போச்சு. மெக்கானிக் நாளைக்கு வர்றேங்கறான். நாளைக்குன்னா அவன் அகராதியில எந்த நாளைக்குன்னு சாமிக்குத்தான் தெரியும்.

விசாலாட்சியம்மாகிட்ட போன்ல பேசினேன். வியாழக்கிழமை வாங்கன்னாங்க. மரியாதையான பேச்சு.

ஜூன் 12, வியாழன்

இன்னைக்கு நடந்ததை நினைச்சா இப்பவும் எனக்கு ரத்தம் கொதிக்குது. வரிசையா எழுதறேன்.

எங்க குடும்பத்துல ஒரு வழக்கம். நகை, வண்டிச் சாவி, தோட்டத்துப் பத்திரம், எதா இருந்தாலும் மொதல்ல வீட்டுக்காரி கையிலதான் வாங்குறது. முந்தானையில வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் எங்ககிட்டத் தருவாங்க. எங்கம்மா அப்படித்தான் டிராக்டர் சாவி வாங்குனாங்க. துப்பாக்கி மட்டும் என்ன, அதுவும் நம்ம வீட்டுக்கு வர்ற பொருள்தான? அதனால சுந்தராம்பாளைப் பட்டுச்சேலை கட்டச் சொல்லி, ஒரு தட்டுல வாழைப்பழம், வெத்தலை பாக்கு, ஒரு முழம் மல்லிகைப் பூவெல்லாம் வெச்சு, நல்ல நேரம் பத்தே முக்காலுக்குப் போய் இறங்குனோம். அவ பிளாஸ்திரி தெரியாம இருக்கப் பொட்டைப் பெருசா வெச்சுக்கிட்டிருந்தா.

விசாலாட்சியம்மாவுக்கு அறுபது இருக்கும். தட்டைப் பார்த்தாங்க. "துப்பாக்கிக்கா பூவோட வந்திருக்கீங்க?"ன்னாங்க. வழக்கத்தைச் சொன்னேன். "கடுதாசியை என்ற வீட்டுக்காரி கையில குடுங்க"ன்னேன். அவங்க சுந்தராம்பா மூஞ்சியை, நெத்தியில இருந்த பெரிய பொட்டை, கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்பறம் காப்பி போடறேன்னு அவளைச் சமையல்கட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. காப்பி போட முக்கால் மணி நேரம்! நான் ஒருத்தன் ஹால்ல உக்காந்து பழைய காலண்டரைப் பார்த்துட்டு இருக்கேன்.

திரும்பி வந்து உக்காந்ததும் அவங்களே பேச ஆரம்பிச்சாங்க. என்னைப் பார்த்து இல்லை, சுந்தராம்பாளைப் பார்த்து.

"இருபத்திரெண்டு வருசங்க அம்மிணி. ஒரு குண்டு வெளிய போகலை, மோசஸ் சொன்னது நெசந்தான். சாப்பிட உக்காந்தா தட்டுக்குப் பக்கத்துல வெச்சுக்குவாரு. கொழம்புல உப்பு ஜாஸ்தின்னா என்னை ஒரு வார்த்தை திட்டமாட்டாரு. அதை எடுத்துக் கொஞ்சம் என் பக்கமாத் திருப்பி வெப்பாரு. அவ்வளவுதான். மறுபடி சாப்பிடுவாரு."

"அடப் பாவி!"ன்னு என்னையறியாம கத்திட்டேன். என்ன மனுசன் அவன்! கட்டுன பொண்டாட்டிக்கு இப்படி ஒரு கொடுமை பண்ணுவானா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் மட்டும் உயிரோட இருந்திருந்தா நானே நாலு சாத்து சாத்தியிருப்பேன். டீப்பாய்ல ஓங்கி ஒரு தட்டு தட்டினேன் பாருங்க, காப்பி டம்ளரெல்லாம் குதிச்சுது. ரெண்டு பொம்பளைகளும் ஒட்டுக்கா உடம்பைக் குறுக்கிக்கிட்டாங்க.

அப்பறம் அந்தம்மா கடுதாசியை எடுத்துச் சுந்தராம்பா முந்தானையில போட்டாங்க. "உங்க வழக்கப்படியே உங்க கையில குடுத்துட்டேன். அவருக்குக் குடுக்கறதும் குடுக்காததும் உங்க பிரியம்"னாங்க.

சுந்தராம்பா கண்ணுல ஒத்திக்கிட்டா. மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிட்டா. வீடு வந்தும் தரலை. கேட்டேன். தரமாட்டனுங்கன்னா.

ஜூன் 13, வெள்ளி

தரலை.

நானும் நல்லபடியாத்தான் கேட்டேன். காலையில ஒருதரம், மத்தியானம் ஒருதரம். வீட்டுக்குள்ள ஆம்பளைன்னு ஒருத்தன் இருக்கறப்ப அவன் பேருக்கு வாங்கப்போற பொருளோட கடுதாசியை இவ வெச்சுக்கிட்டுத் தரமாட்டாளாம். எந்த ஊர் நியாயம்? சாயங்காலம் கையை ஓங்குனது வாஸ்தவம். அடிக்கலை. சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டு அவ சொன்னதை அப்படியே எழுதறேன், நாளைக்கு நான் மாத்திச் சொன்னதா யாரும் சொல்லக்கூடாது.

"திருடன் வந்தா நீங்க சுடுவீங்களா மாட்டீங்களான்னு எனக்குத் தெரியாதுங்க. கோவம் வந்தா எந்தப் பக்கம் திரும்புவீங்கன்னு தெரியும்."

இப்படி ஒரு பேச்சை ஒரு பொம்பளை புருசனைப் பார்த்துப் பேசலாமா? நான் என்ன ரங்கநாதனா? நான் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல எதையாவது வெச்சிருக்கேனா? அந்தம்மா சமையல்கட்டுல வெச்சு இவ மனசைக் கலைச்சு விட்டிருக்கா.

ஜூன் 14, சனி

நிர்மலா கார் எடுத்துட்டு வந்து அவ அம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டா. அப்பாவுக்கு ஒரு வாய்த் தண்ணி வேணுமான்னு கேக்கலை. சுந்தராம்பா ஒரே ஒரு பை எடுத்துக்கிட்டா. எப்பவோ கட்டி வெச்ச பை மாதிரி இருந்துச்சு.

போறப்ப கடுதாசியைச் சாப்பாட்டு மேசை மேல வெச்சு, அது மேல உப்புக் கிண்ணத்தை வெச்சுட்டு, "உங்க இஷ்டமுங்க"ன்னு சொல்லிட்டுப் போனா. வாங்கினா வரமாட்டாளாம். நிர்மலாதான் சொன்னா.

சரி. போகட்டும். யாரு யாருக்குப் பயப்படறதுன்னு பார்த்துக்கலாம்.

ஜூன் 16, திங்கள்

அரிசி ஊற வெச்சேன், மறந்துட்டேன். பருப்பு வேகலை. குக்கர் எத்தனை விசில்னு கேக்கலாம்னு போன் எடுத்தேன், வெச்சுட்டேன். ஓட்டல்ல வாங்கிச் சாப்பிட்டா வயிறு ஒத்துக்கலை. முப்பத்தாறு வருசமா ஒரு நாளாவது நேரத்துக்குச் சோறு இல்லாம இருந்திருக்கேனா? இப்படி விட்டுட்டுப் போறதுக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ.

பக்கத்துத் தோட்டத்துக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு, அக்கா எப்ப வருவாங்கன்னா. ரெண்டு நாள்லன்னேன். "நல்லா ரெஸ்ட் எடுக்கட்டுமுங்க"ன்னுட்டுப் போறா. என்ன ரெஸ்ட்டு? இங்க என்ன அவளைக் கல்லு உடைக்கச் சொல்றனா? இவளுக்கு என்ன தெரியும்? இவ வீடு எங்க வீட்டுல இருந்து நூறு அடி இருக்கும். சத்தம் கேக்குமோ என்னமோ.

ஜூன் 18, புதன்

மெக்கானிக் வந்தான். மோட்டார் ஓடுது. தண்ணி பாய்ச்சிட்டுத் தோப்பைச் சுத்தி வந்தேன். குடிகாரனுக யாரும் இல்லை. அன்னைக்கு வந்தவனுக அதுக்கப்பறம் வரவே இல்லைங்கறதும் உண்மைதான். அதுக்காக இனிமேல் வரமாட்டானுகன்னு யாராவது எழுதிக் குடுப்பாங்களா?

நாளைக்குக் கோயமுத்தூர் போறேன். எவ தடுக்கறான்னு பார்க்கறேன்.

ஜூன் 19, வியாழன்

போனேன். மோசஸ் கடுதாசியை வாங்கிப் பார்த்துட்டு, உள்ள போய்ப் பெட்டியை எடுத்துட்டு வந்தாரு. வெல்வெட்டுத் துணி. நல்ல கருப்பு. கீறல் இல்லை. கையில எடுத்தா உரிச்ச தேங்காய்க் கனம்தான் இருக்குது. இதுக்கா இவ்வளவு கலாட்டான்னு நினைச்சேன்.

குண்டில்லாத ரிவால்வர்தான். எதிர்ச் சுவத்துல ஒரு வட்டம் ஒட்டியிருந்தாரு. "சும்மா குறி பாருங்க ஐயா, கைக்குப் பொருந்துதான்னு தெரியோணும்ல"ன்னாரு. நீட்டினேன். கை ஆடுச்சு. அறுபத்தினாலு வயசாச்சு, ஆடாதா? மோசஸ் சிரிச்சுட்டு, "யாரை நினைச்சு இதை வாங்குறீங்களோ அவங்க அங்க நிக்கறதா நினைச்சுக்குங்க, கை நின்னுரும்"னாரு. எல்லாருக்கும் சொல்ற வார்த்தைதான் போல.

அந்தக் குடிகாரனை நினைச்சேன். மூஞ்சி வரலை. என்னைப் பார்த்துச் சிரிச்சவன், ரெண்டரை வருசமா நான் நினைச்சு நினைச்சு எரிஞ்ச பயல், அவனுக்கு மீசை இருந்துச்சா இல்லையான்னு கூட ஞாபகம் வரலை. கண்ணை இடுக்கிக்கிட்டு இன்னும் நினைச்சேன். சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டுச் சுந்தராம்பா வந்தா.

கை ஆடலை. துளி ஆடலை.

"பார்த்தீங்களா, கல்லு மாதிரி நிக்குது"ன்னாரு மோசஸ்.

ஜூன் 20, வெள்ளி

வாங்கலை. அப்படியே வெச்சுட்டு வந்துட்டேன். மோசஸ் மூணுதரம் போன் பண்ணிட்டாரு, எடுக்கலை.

ஜூன் 22, ஞாயிறு

என்ன அநியாயம் இது. ஒரு மனுசன் கொலை பண்ணலை, கொள்ளையடிக்கலை, குடிக்கலை, ஊர்ல ஒரு கெட்ட பேரு கிடையாது. வரி பாக்கி கிடையாது. நாலு பேரு கல்யாணத்துல முன்வரிசையில உக்காத்தி வெக்கறாங்க. அவனுக்குப் போய் இப்படி ஒரு எண்ணம் வரலாமா? யாரைப் போய்க் கேக்கறது இதை? சாமியைக் கேக்கறதா?

விசாலாட்சியம்மாவுக்குப் போன் பண்ணினேன். வாங்கலீங்கன்னேன். சரிங்கன்னாங்க. வேற எதுவும் கேக்கலை. நானாத்தான் கேட்டேன், அன்னைக்குச் சமையல்கட்டுல என்னங்க பேசுனீங்கன்னு. "நான் எதும் பேசலீங்க. பாலைக் காய வெச்சுட்டு நின்னேன். அவங்க அழுதாங்க. முடியற வரைக்கும் காத்திருந்தேன்."

முக்கால் மணி நேரம்.

ஜூன் 23, திங்கள்

லைசென்ஸே வேண்டாம்னு திருப்பிக் குடுத்துரலாம்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்கு ஒரு மனு எழுதோணுமாம். அதுல காரணம்னு ஒரு பத்தி. காலையில உக்காந்தவன், இப்ப மணி ரெண்டு.

மொதல்ல 'வயது மூப்பு'ன்னு எழுதினேன். பொய். இன்னும் மரம் ஏறச் சொன்னாலும் பாதி ஏறுவேன். 'கண் பார்வைக் குறைவு'ன்னு எழுதினேன். அதுவும் பொய். 'குடும்பத்தார் விருப்பமின்மை'ன்னு எழுதினேன். அதைப் படிச்சா என்னமோ அவங்க மேல தப்பு மாதிரி இருக்குது. எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டேன். இத்தனை வருசமா அடுத்தவனுக்கெல்லாம் நியாயம் பேசி வெச்சுட்டு, ஒரு பத்தி எழுத முடியலைன்னா என்ன மனுசன் நானு.

எழுதிட்டேன். என்ன எழுதினேங்கறதை இங்க மறுபடி எழுத முடியாது, கை வலிக்குது.

ஜூன் 25, புதன்

லைசென்ஸ் குடுத்த ஆபீசுல ஒரு பொம்பளை கிளார்க். நிர்மலா வயசு இருக்கும். மனுவை வாங்கிப் படிச்சாங்க. மறுபடி படிச்சாங்க. என்னை நிமிர்ந்து பார்த்தாங்க. அப்பறம் மெதுவா, பக்கத்து மேசைக்குக் கேக்காத மாதிரி, "ஐயா, இப்படி எல்லாம் எழுத வேண்டியதில்லைங்க. வயது மூப்புன்னு எழுதுங்க, போதும். எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க"ன்னாங்க.

எனக்குச் சுருக்குன்னு ஏறிருச்சு. "ஏனுங்க, எழுதுனது பொய்யின்னா வாங்காதீங்க. உண்மையை எழுதுனா வாங்கமாட்டேங்கறது என்னங்க நியாயம்?"

"ஃபைல்ல இது எப்பவும் இருக்குமுங்க ஐயா. நாலு பேர் பார்ப்பாங்க. உங்களுக்குத்தான் அசிங்கம்."

"இருக்கட்டும். நாலு பேரில்லை, நாப்பது பேரு பார்க்கட்டும். எந்த ரூலுல இதை எழுதக்கூடாதுன்னு போட்டிருக்குது, காட்டுங்க."

கத்தினேனான்னு கேட்டா, கத்தலை. கத்தோணும்னு வந்துச்சு. மேசையில கை ஓங்கப் போச்சு. அந்தப் பொண்ணு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால தள்ளிக்கிச்சு. அதைப் பார்த்தேன். கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன். "மன்னிச்சுக்குங்க. சீல் வெச்சுக் குடுங்க, போயிடறேன்"னேன்.

வெச்சுக் குடுத்துச்சு. நகல் ஒண்ணும் குடுத்துச்சு.

ஜூன் 26, வியாழன்

நிர்மலா நம்பருக்கு அடிச்சேன். அம்மாகிட்டக் குடுன்னேன். எதுக்குன்னா. குடு கண்ணுன்னேன். ரொம்ப நேரம் கழிச்சுச் சுந்தராம்பா எடுத்தா. சொல்லுங்கன்னா.

வான்னு கூப்பிடறதுக்குப் போன் பண்ணலை, ஒண்ணு படிக்கறேன், கேட்டுட்டு வெச்சுரு போதும்னேன். நகலை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, எழுதுனது எழுதுனபடி படிச்சேன்.

"நான் ஆயுதம் வைத்துக்கொள்ளத் தகுதி இல்லாதவன். என் மனைவி சுந்தராம்பாள் முப்பத்தாறு ஆண்டுகளாக என்னிடம் பயந்து வாழ்கிறார். அவர் பயப்படுவது சரியே. என் கோபத்துக்கு அவரைத் தவிர யாரும் இதுவரை அடி வாங்கியதில்லை. ஆகவே உரிமத்தைத் திருப்பித் தருகிறேன்."

லைன் கட்டாயிருச்சோன்னு நினைச்சேன். இருக்கியான்னேன்.

"இன்னொருக்காப் படிங்க"ன்னா.

படிச்சேன்.